வீட்டிலேயே ஸ்கூட்டரைப் பார்த்துக்கொள்வது: பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் நாங்கள் இருக்கும் காம்பவுண்டுக்குள் ஏழு வீடு, ஒன்பது ஸ்கூட்டர். விடியற்காலை நாலு மணிக்கு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ வாங்கக் கிளம்புகிறவர் முதல் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் வண்டிதான் கைகால். ஒரு நாள் அது நின்றால் அன்றைய வரும்படியே நின்றுவிடும் வீடுகளும் இதில் உண்டு. நான் மெக்கானிக் இல்லை. 2014 மாடல் கார்புரேட்டர் வண்டி ஒன்று, 2021 மாடல் எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) வண்டி ஒன்று, இரண்டையும் வாசலிலேயே வைத்துப் பராமரிக்கிறேன். அக்கம்பக்கத்தில் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கியர் இல்லாத 110, 125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்குத்தான் இது. மின்சார ஸ்கூட்டருக்குப் பொருந்தாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பானரை எடுப்பதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள், உற்றுப் பாருங்கள், மோந்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், பேட்டரி, ஃபில்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி ஒருவேளை சரியாகிவிடும். ஆனால் பழுது எதில் இருந்தது என்று தெரியாது. அடுத்த தடவையும் மூன்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுப்பீர்கள்.

என்னென்ன டூல்ஸ் வாங்கி வைக்கலாம்?

10, 12, 14, 17 ரிங் ஸ்பானர், ஒரு பிளக் ஸ்பானர், நல்ல ஸ்க்ரூடிரைவர் ரெண்டு, டயர் காற்று அளக்கும் கேஜ், சாதாரண மல்டிமீட்டர், பழைய பல் தேய்க்கும் பிரஷ். இவற்றில் கேஜும் மல்டிமீட்டரும்தான் வாரா வாரம் கைக்கு வரும். வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்திருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். நான் இங்கே சொல்லும் எந்த எண்ணும் உங்கள் மேனுவலோடு ஒத்துப்போகாவிட்டால் மேனுவல் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் செல்ஃப் பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கே தொடங்குவது?

என்ன சத்தம் வருகிறது என்பதிலிருந்து. மூன்றில் ஒன்றுதான் வரும்.

சத்தமே இல்லை என்றால் முதலில் பேட்டரியைத் திட்டாதீர்கள். ஸ்கூட்டரில் பிரேக் லீவரைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். லீவருக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச்தான் அந்தச் செய்தியைச் சொல்கிறது; அது மழையிலும் தூசியிலும் அடிக்கடி சோம்பிப்போகும். சோதிப்பது சுலபம். விடியற்காலை இருட்டில் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, சாவியைப் போட்டு, லீவரைப் பிடியுங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் அதிகமாக வேண்டும். இடது லீவருக்கு அதிகமாகி வலது லீவருக்கு ஆகாவிட்டால் வலது சுவிட்சில்தான் கோளாறு. அன்றைக்கு இடது பிரேக்கைப் பிடித்து ஸ்டார்ட் செய்துகொண்டு வேலைக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை சுவிட்சை மாற்றிக்கொள்ளலாம். அடுத்து சைடு ஸ்டாண்டு. புது மாடல்கள் பலவற்றில் அது கீழே இருந்தால் எஞ்சின் ஓடாது. அதன் சுவிட்சில் சேறு அடைத்துக்கொண்டால் ஸ்டாண்டை மேலே எடுத்தாலும் கீழே இருப்பதாகவே வண்டி நினைக்கும். தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். கடைசியாக பேட்டரி பக்கத்திலுள்ள ஃபியூஸைப் பாருங்கள். எரிந்த ஃபியூஸ் இருந்த இடத்தில் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றிவிடும் வேலை வேண்டாம், வயரிங் முழுக்க எரிந்துவிடும்.

'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால் ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்) அடிக்கிறது, ஆனால் மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு மின்சாரம் வரவில்லை. பேட்டரி டெர்மினல் ஸ்க்ரூ ரெண்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். குழி ரோட்டில் ஆடி ஆடி அவை தளர்ந்துவிடும். எங்கள் காம்பவுண்டில் 'பேட்டரி போச்சு' என்று வந்த வண்டிகளில் பலவற்றுக்கு ஸ்க்ரூவை இறுக்கியதே வைத்தியமாக இருந்தது.

மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பிளக்கா, பெட்ரோலா?

வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து விற்ற ஸ்கூட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே எஃப்ஐ. அதற்கு முன்னால் வாங்கியது பெரும்பாலும் கார்புரேட்டர்.

எஃப்ஐ வண்டியில் சாவியைத் திருப்பியதும் ரெண்டு விநாடி 'உய்ய்ங்' என்று பெட்ரோல் பம்பு சத்தம் கேட்க வேண்டும். தெரு அடங்கியிருக்கும்போது காதை சீட்டருகே வைத்துக் கேளுங்கள். சத்தம் இல்லாவிட்டால் பம்பு, ஃபியூஸ், ரிலே பக்கம் பிரச்சினை. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தாலோ மினுங்கினாலோ அதை வீடியோ எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சில வண்டிகளில் அது எத்தனை தடவை மினுங்குகிறது என்பதே பழுதைச் சொல்லும் குறியீடு. பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் சில எஃப்ஐ வண்டிகளில் கிக்கர் அடித்தும் பயனில்லை, பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மின்சாரம் வேண்டும்.

கார்புரேட்டர் வண்டியில் டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் சோக் போடாமல் பிடிக்காது. அது பழுதில்லை. சோக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுங்கள். சோக் போட்டபடியே இந்திராநகர் வரை போனால் பிளக் கறுத்துப் பெட்ரோலும் வீணாகும். ஏற்கெனவே பலமுறை அடித்துப் பெட்ரோல் வாடை வீசினால் எஞ்சின் ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. சோக்கை எடுத்து, திராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) முழுக்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நாலைந்து கிக் அடியுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. கரி பூசினதுபோல் கறுத்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது, அது எஞ்சின் வேலை. வெள்ளையாக வெந்திருந்தால் சூடு அதிகம். இடைவெளி பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

திரும்ப மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். சில வருஷம் முன்னால் அவசரத்தில் நான் பிளக்கை ஸ்பானரிலேயே வைத்துத் திருகினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. பழைய பிளக் துளை, அப்படித்தான் இருக்கும் என்று அழுத்தினேன். பிளக் கோணலாக ஏறி, அலுமினிய ஹெட்டின் மரையே வழித்துக்கொண்டு வந்துவிட்டது. லேத் பட்டறையில் புது மரை போட்டு எடுக்க ரெண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து முதல் நாலைந்து சுற்று விரலால்தான். விரலுக்குப் போகாத பிளக் ஸ்பானருக்கும் போகக் கூடாது. விரலால் முழுக்க உட்கார்ந்த பிறகு, புது பிளக்காக இருந்தால் ஸ்பானரால் அரைச் சுற்று. பழையதாக இருந்தால் இன்னும் குறைவு.

பேட்டரியை மாற்ற வேண்டுமா என்று எப்படித் தெரியும்?

மல்டிமீட்டரால். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் நல்ல பேட்டரி. 12.2க்குக் கீழே போனால் சார்ஜ் இறங்கியிருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் திராட்டில் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் வண்டி பேட்டரிக்கு சார்ஜே கொடுக்கவில்லை. புது பேட்டரி போட்டாலும் ஒரு மாசத்தில் அதே கதைதான். அப்போது பார்க்க வேண்டியது ஆர்ஆர் யூனிட்டும் (சார்ஜை அளவோடு பேட்டரிக்கு அனுப்புவது) மேக்னெட் காயிலும் (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்குவது). 15க்கு மேல் ஏறினாலும் ஆர்ஆர் யூனிட்தான். அது பேட்டரியையும் பல்புகளையும் சேர்த்துக் கெடுக்கும்.

ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில் பேட்டரி சீக்கிரம் இளைக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கிக்கரில் அடிப்பது நல்ல பழக்கம். கிக்கர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அதுவும் துருப்பிடித்து இறுகிவிடும்.

சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. ஓடும்போது ஒன்றும் இல்லை.

சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கும்போது இது நடந்தால் பின்னால் இருக்கிற பஸ்காரர் அடிக்கும் ஹாரனிலேயே நமக்கு வியர்த்துவிடும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஐடிலிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று ஏற்றிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஸ்லோ ஜெட்டில் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் சின்னத் துளையில்) அடைப்பு. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஜெட்டுக்குள் ஊசியோ கம்பியோ விடாதீர்கள், அந்தத் துளையின் அளவுதான் அதன் உயிர். எஃப்ஐ வண்டியில் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்பவரிடம் விடுவதே நல்லது.

எஞ்சின் சூடான பிறகு மட்டும் நின்று, ஆறினதும் ஸ்டார்ட் ஆனால் டேப்பட் கிளியரன்ஸ் (எஞ்சின் வால்வுக்கு விட்டிருக்கும் மயிரிழை இடைவெளி) இறுகியிருக்கலாம். மெக்கானிக்கிடம் அந்தச் சொல்லைச் சொல்லியே பார்க்கச் சொல்லுங்கள்.

பலர் நினைத்துப் பார்க்காத இன்னொன்று: அரை மணி ஓடின பிறகு இழுத்து இழுத்து நிற்கிறதா? பெட்ரோல் மூடியைத் திறந்து மூடினதும் மறுபடி ஓடுகிறதா? மூடியில் காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் இறங்காது. ஒரு துளி சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்.

திராட்டில் கொடுத்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. மெக்கானிக் 'கிளட்ச் ஹோகிதெ' என்கிறார். நம்பலாமா?

கிளட்ச் போய்விட்டது என்கிறார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பார்க்காமல் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் ஸ்கூட்டரின் இடது பக்கக் கவருக்குள் தேயக்கூடியவை நாலு இருக்கின்றன, விலையும் ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம்.

உள்ளே நடப்பது இதுதான். எஞ்சின் பக்கம் ஒரு புல்லி, பின் சக்கரத்தின் பக்கம் ஒரு புல்லி, ரெண்டுக்கும் நடுவே ரப்பர் பெல்ட். முன் புல்லிக்குள் ஆறு சின்ன உருளைகள், அவைதான் ரோலர். எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற உருளைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, புல்லியின் ரெண்டு தகடுகளையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும், வண்டி தானாகவே கியர் மாறின மாதிரி வேகம் எடுக்கும். பின்னால் கிளட்ச் ஷூக்கள். வேகம் வந்ததும் விரிந்து கிளட்ச் பெல் என்னும் இரும்புக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் லீவர் இல்லாமல் வண்டி நிற்பதும் கிளம்புவதும் இதனால்தான்.

இப்போது அறிகுறிகளைப் பொருத்திப் பாருங்கள். எஞ்சின் ஓடுகிறது, திராட்டில் கொடுத்தாலும் சக்கரம் அசையவே இல்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கலாம். கிளம்பும்போது மட்டும் உடம்பு குலுங்கி, வேகம் எடுத்ததும் சரியானால் கிளட்ச் ஷூ வழவழத்துவிட்டது அல்லது கிளட்ச் பெல்லில் தூசி. வேகம் 40ஐத் தாண்டத் திணறி, எஞ்சின் மட்டும் கத்தினால் பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்திருக்கும். மெதுவாகப் போகும்போது 'கடகட' என்று இடது பக்கம் ஆடினால் ரோலர்கள் வட்டம் போய்த் தட்டையாகியிருக்கும். மெக்கானிக் கவரைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பெல்ட்டைப் பின்பக்கமாக வளைத்துப் பாருங்கள். பற்களுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பல மேனுவல்களில் பெல்ட்டின் ஆயுள் 20,000 கிலோமீட்டருக்குச் சற்று மேலே முடிகிறது.

நம் ஊர் டிராஃபிக்கில் இது சீக்கிரமே வருவதற்கு ஒரு காரணம் உண்டு. மேம்பாலச் சரிவில் பிரேக்கைப் பிடிக்காமல், லேசாகத் திராட்டில் கொடுத்தே வண்டியை நிறுத்தி வைப்போம். அந்த நேரம் முழுக்க ஷூ பாதி பிடித்தும் பிடிக்காமலும் கிண்ணத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அந்தத் தீய்ந்த வாடை உங்களுக்கே தெரிந்திருக்கும். நிற்கும்போது திராட்டிலை முழுக்க விட்டு பிரேக்கில் நில்லுங்கள். இந்தக் கவருக்குள் கிரீஸோ ஆயிலோ பட்டால் பெல்ட் வழுக்கும், அதனால் இதை வீட்டில் திறக்க நான் சொல்ல மாட்டேன். நட்டைக் கழற்றப் பிடிப்பானும் சரியான இறுக்கமும் வேண்டும்.

மைலேஜ் குறைந்துவிட்டது.

குறைந்ததா என்று அளந்தீர்களா? பங்கில் டேங்கை நிரப்பி, கிலோமீட்டரை எழுதி, 150 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள். மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்வது கணக்காகாது.

உண்மையிலேயே குறைந்திருந்தால் முதலில் டயர். பல 110 சிசி வண்டிகளில் முன்னால் 22, பின்னால் 29, ரெண்டு பேர் போனால் பின்னால் 36 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கானது வண்டியிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். டயர் ஆறியிருக்கும்போது, வாரம் ஒரு தடவை. அடுத்தது பிரேக் உரசல்: சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்னால் அமுக்கிப் பிடிக்க, முன் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இந்த ரெண்டும் சரியென்றால்தான் ஃபில்டர், பிளக்.

சென்னையிலிருந்து பழைய கார்புரேட்டர் வண்டியை இங்கே கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று கொஞ்சம் லேசு. அங்கே டியூன் செய்தது இங்கே சற்று ரிச்சாக, அதாவது காற்றுக்கு மிஞ்சின பெட்ரோலோடு ஓடும். ஒரு தடவை மறுபடி டியூன் செய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் ஆயிலை நானே மாற்றலாமா?

தாராளமாக. வீட்டில் செய்யும் வேலைகளிலேயே அதிகப் பலன் தருவது இதுதான். ஒரே நிபந்தனை, சரியான ஆயில். ஸ்கூட்டருக்கு டப்பாவில் 10டபிள்யூ-30 எம்பி (10W-30 MB) என்று போட்டிருப்பதையே பெரும்பாலான கம்பெனிகள் கேட்கின்றன. பைக்குக்கான எம்ஏ (MA) ஆயில் வேறு. பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கியிருக்கும், அது வழுக்கக் கூடாது என்று எம்ஏவில் உராய்வைக் குறைக்கும் சரக்கு அதிகம் சேர்ப்பதில்லை. ஸ்கூட்டர் கிளட்ச் உலர்ந்த இடத்தில் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

எஞ்சினை மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் கசடோடு சேர்ந்து இறங்கும். சென்டர் ஸ்டாண்டு, கீழே பழைய டப்பா, டிரெயின் போல்ட்டை ரிங் ஸ்பானரால் தளர்த்தி, கடைசிச் சுற்றை விரலால் எடுங்கள். போல்ட்டோடு வரும் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். போல்ட்டை மாட்டும்போதும் பிளக்குக்குச் சொன்ன விதிதான்: முதலில் விரல், பிறகு அளவான இறுக்கம். மேனுவலில் சொன்ன அளவு ஆயிலை ஊற்றி, ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, ரெண்டு மூன்று நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் மூடியோடு வரும் அளவுக் குச்சியை) துடைத்து உள்ளே விட்டுப் பாருங்கள். பல ஸ்கூட்டர்களில் அளவு பார்க்கும்போது டிப்ஸ்டிக்கைத் திருகக் கூடாது, சும்மா வைத்து எடுக்க வேண்டும். ரெண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தால் போதும். அதிகம் ஊற்றினால் ஏர் ஃபில்டர் பக்கம் ஏறிவிடும்.

எங்கள் காம்பவுண்டு வண்டிகளுக்கு 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். மேனுவல் இன்னும் அதிகம் அனுமதிக்கலாம். ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியில் கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் இப்படி. பின் சக்கரத்தருகே கியர் ஆயில் என்று இன்னொன்று இருக்கிறது. நூற்றுச் சொச்சம் மில்லிதான், ஆனால் எல்லாரும் மறப்பது அதைத்தான்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அந்தச் சாக்கடை மழைநீர்க் கால்வாயில் சேர்ந்து ஏரிக்குத்தான் போகிறது. பாட்டிலில் மூடி, மெக்கானிக் கடையில் கொடுங்கள். அவர்களிடம் பீப்பாய் இருக்கும், வாங்கிப் போக ஆள் வரும்.

ஏர் ஃபில்டரை ஊதிவிட்டுப் போடலாமா?

ஸ்பாஞ்சாக இருந்தால் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, ரெண்டு துளி எஞ்சின் ஆயில் பிசைந்து போடலாம். எண்ணெய் தடவிய பேப்பர் ஃபில்டரைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது, மாற்ற மட்டும்தான். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் தினமும் போகிறவர்கள் மேனுவல் சொல்வதற்கு முன்னதாகவே மாற்றுங்கள்.

பிரேக் லூஸாகிவிட்டது. நட்டைத் திருப்பினால் போதுமா?

டிரம் பிரேக்கில் சில தடவை போதும். லீவர் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆடிவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். பின் சக்கரத்தருகே உள்ள நட்டை அரைச் சுற்றாகத் திருப்புங்கள். நட்டின் குழிவு பிரேக் ஆர்மிலுள்ள (கேபிள் இழுக்கும் சின்ன நெம்புகோலிலுள்ள) உருளையில் போய் உட்கார வேண்டும். சக்கரத்தைச் சுற்றி உரசல் இல்லை என்று பாருங்கள்.

ஆனால் எத்தனை தடவைதான் திருப்புவது? பிரேக் ஆர்மில் ஒரு அம்புக்குறி இருக்கும், டிரம்மில் ஒரு கோடு. முழுக்கப் பிடித்தபோது அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ தேய்ந்து முடிந்தது. அதற்கு மேல் நட்டைத் திருப்புவது ஆபத்து. என் அனுபவத்தில் இந்தப் பதிலை மட்டும் யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. பின்னால் குழந்தையை உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் போகிற வண்டிகள் நம்முடையவை.

2019 ஏப்ரலிலிருந்து விற்ற 125 சிசி வரையிலான வண்டிகளில் இடது லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ கட்டாயம். சேர்ந்து பிடிக்கும் வண்டியில் கேபிள் ரெண்டும் இணைந்திருப்பதால் ஒன்றை மட்டும் இறுக்கினால் சமன் கெடும். மேனுவலில் உள்ள வரிசைப்படி செய்யுங்கள், அல்லது கடையில் கொடுங்கள். டிரம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

மழைத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது.

மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஆட்களை டிராக்டரில் ஏற்றிப் போன மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரித் தண்ணீரில் நின்ற வண்டியின் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், செல்ஃப் அடித்ததும் பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழே ஒரு சின்ன ரப்பர் குழாய் தொங்கும், அதன் மூடியை எடுத்தால் தண்ணீர் வருகிறதா தெரியும். வந்தால் பிளக்கைக் கழற்றி, சாவியை ஆஃபில் வைத்து, கிக்கரை மெதுவாகப் பத்துத் தடவை மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் ஓட்டவே வேண்டாம். ஆயில் மாற்றின பிறகுதான் ஸ்டார்ட். தண்ணீர் சக்கர அச்சுக்கு மேல் நின்றிருந்தால் இடது பக்கக் கவரையும் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள்.

இப்போது எல்லாப் பங்கிலும் ஈ20 பெட்ரோல். பழைய வண்டி கெட்டுவிடுமா?

ஒரே நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் 20 சதவீதம் எத்தனால் என்பதால் ரெண்டு விஷயம். பழைய ரப்பர் பெட்ரோல் டியூப்பும் சீல்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டியூப்பை வளைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், எஞ்சினுக்கு முதலில் போவது அதுதான். மழைக்காலத்தில் டேங்கைப் பாதிக்கு மேல் வைத்திருங்கள். மைலேஜ் சிறிது குறைவது இயல்பு, எத்தனாலில் சக்தி குறைவு.

குழியில் விழுந்து எழுந்த பிறகு ஹேண்டில் ஒரு மாதிரி இருக்கிறது.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்னால் அமுக்கி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் படியில் தட்டினாற்போல் ஒரு 'டக்' இருந்தால் கோன் செட் (ஹேண்டில் தண்டு சுழலும் பேரிங்) போய்விட்டது. சக்கரத்தின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து ஆட்டம் இருந்தாலும் அதேதான். பிறகு சக்கரத்தைச் சுற்றி ரிம் வளைந்திருக்கிறதா பாருங்கள். டியூப்லெஸ் டயரில் ரிம் ஓரம் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழாகத் தெரியும்.

ஸ்பேர் எங்கே வாங்குவது? ஷோரூமா, ஜே.சி. ரோடா?

பிரேக் ஷூ, பெல்ட், கேபிள், பேரிங் இவற்றை மட்டும் கம்பெனிப் பொருளாகவே வாங்குங்கள், எங்கே வாங்கினாலும் பில்லோடு. ஜே.சி. ரோட்டில் கம்பெனிப் பொருளும் கிடைக்கும், அதே டப்பாவில் போலியும் வரும். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் எடையையும் அச்செழுத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். கண்ணாடி, ஃபுட்மேட், பக்கத் தகடு போன்றவற்றுக்கு சிவாஜி நகர் பழைய சாமான் கடைகள் எனக்குப் போதுமானவை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு மாசம் கழித்துதான் வருவேன்.

டேங்கை நிரப்பி, டயரில் காற்றைச் சரிபார்த்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் கார்புரேட்டரின் அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து அதிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஜெட்டில் பிசின் படியும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் எலி இருந்தால் வந்ததும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சீட்டைத் தூக்கி வயர்களைப் பாருங்கள்.

ஆயுத பூஜைக்குக் கழுவினேன். மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை, ஏன்?

பிரஷர் வாட்டர் அடித்திருப்பார்கள். ஹேண்டில் சுவிட்ச், சாவித் துளை, பிளக் கேப், சைலென்சர் வாய், ஏர் ஃபில்டர் பெட்டி ஆகிய ஐந்து இடங்களிலும் பீய்ச்சிய தண்ணீர் புகக் கூடாது. வீட்டில் ஒரு பக்கெட், ஷாம்பூ, பழைய பனியன் போதும். எஞ்சின் ஆறின பிறகு கழுவுங்கள். சைலென்சர் வாயில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றுங்கள், கழுவி முடித்ததும் மறக்காமல் எடுங்கள். ஏற்கெனவே நனைந்து நின்றுவிட்டது என்றால் பிளக் கேப்பை இழுத்து உள்ளேயும் பிளக்கின் தலையையும் உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

கழுவின கையோடு டிரம்முக்குள்ளும் ஈரம் இருக்கும், முதல் பிடியில் பிரேக் வழுக்கும். சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன், காம்பவுண்டுக்குள்ளேயே நடை வேகத்தில் ஒரு ரவுண்டு போய் ரெண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். பிடிப்பு பழையபடி வந்த பிறகு வண்டியை வாசலுக்குக் கொண்டுவாருங்கள், தெருவில் பிள்ளைகள் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க நின்றுகொண்டிருப்பார்கள்.